கேமராவுக்கு வைத்த பொட்டு

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் தையல்நாயகியின் கேமராவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அன்று காலைதான் சாமான் செட்டோடு லாரியில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். அந்தக் கேமரா வந்து நிற்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு பெண் வயசுக்கு வந்ததில்லை, ஒரு குழந்தைக்குக் காது குத்தியதில்லை, மாதா கோயிலில் ஒரு மோதிரம் மாறியதில்லை. பட்டன்களில் இருந்த எழுத்தையெல்லாம் அவள் கட்டைவிரல் தின்று தீர்த்திருந்தது. பிடியில் இருந்த ரப்பர் பிய்ந்துபோய், அந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தாள். ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறாமல் இருக்க அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பாள். நமக்குச் சோறு இல்லாவிட்டாலும் அதுக்கு அரிசி உண்டு என்று அவள் புருஷன் புருஷோத்தமன் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

தையல்நாயகி குள்ளம். அதனால் படம் எடுக்கப் போகும்போது ஒரு ஸ்டூலையும் கூடவே தூக்கிக்கொண்டு போவாள். இடது தோளில் கேமராப் பை, வலது தோளில் ட்ரைபாட், ஒரு கையில் லைட்டு, மறு கையில் ஸ்டூல். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கல்யாண மண்டபமே வாடகைக்கு வேறு இடம் தேடி நடந்து வருவது போலிருக்கும். புருஷோத்தமன் ஆறடி. மில்லில் பஞ்சு மூட்டை தூக்கிய உடம்பு. அவன் வாசல்வரை வந்து கேட்டைத் திறந்துவிடுவான். அவன் பங்கு அதோடு முடிந்தது. ஒருநாள் லைட்டை மட்டுமாவது வந்து பிடி என்று அவள் கேட்டதற்கு, "பொண்டாட்டிக்கு லைட்டு பிடிக்கிறவன்னு பேரு எடுக்கவா மில்லுல இருவது வருஷம் சங்கத்துல இருந்தேன்?" என்றான். அவளும் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அந்தக் கேமராவில் ஒரு கோளாறு உண்டு. கோளாறை வைத்தவனும் புருஷோத்தமன்தான்.

மில்லை மூடிய வருஷம் அது. ஆயுத பூஜை வந்தது. அவனுக்கென்று ஆயுதம் ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஆத்திரத்தில் வீட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தான். மிக்சிக்கு வைத்தான், கேஸ் சிலிண்டருக்கு வைத்தான், கரண்ட் மீட்டருக்கு வைத்தான், பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு வைத்தான். ட்ரைபாடுக்கு மூன்று காலுக்கும் தனித்தனியாக வைத்தான். தையல்நாயகி அப்போதுதான் துடைப்பதற்காக லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சுண்டல் குக்கர் கூப்பிட்டதென்று உள்ளே போயிருந்தாள்.

பழைய மாதிரிக் கேமராவாக இருந்திருந்தால் லென்ஸைக் கழற்றினாலும் உள்ளே ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரை நிற்கும். இது மிரர்லெஸ். கண்ணாடியும் கிடையாது, திரையும் திறந்தே கிடக்கும். வாசலைத் திறந்தால் நேரே கர்ப்பக்கிரகம்தான். உள்ளே படம் பதிகிற சென்சார், சாமி படத்துக்குச் சட்டம் போட்டது போல மினுங்கிக்கொண்டிருந்தது. புருஷோத்தமன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். இதுதான் இதன் முகம் என்று அவனுக்குத் தோன்றியது. மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, பக்தியோடு உள்ளே விரலை விட்டு அழுத்தி வைத்தான்.

தையல்நாயகி போட்ட கூச்சலில் மார்க்கெட்டில் கத்திக்குக் கீழே கிடந்த கோழி ஒன்று தப்பித்து ரயில்வே லைன்வரை ஓடியது என்பார்கள். சென்னைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே துடைத்தார்கள், ஊதினார்கள், மருந்து போட்டார்கள். "குங்குமத்துல இருக்கிற சுண்ணாம்பு மேல்பூச்சைத் தின்னுடுச்சும்மா. இது போகாது" என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து வெளிச்சத்தில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எடுக்கிற படத்திலெல்லாம் வலது பக்கம் மேல் மூலையில் வட்டமாக, சாம்பல் வெளுப்பில் ஒரு கறை விழுந்தது. கடற்கரையில் எடுத்தால் வானத்தில் விழும். மாடியில் எடுத்தால் வெள்ளைச் சுவரில் விழும். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு பொட்டாக அழித்துவிட்டுத்தான் வெளியே கொடுப்பாள். ஊரில் பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டதைவிட அவள் பொட்டு அழித்தது அதிகம். இந்த விஷயம் அவளுக்கும் புருஷோத்தமனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

அப்படியே சில வருஷம் ஓடி, ஒரு கார்த்திகையில்தான் அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பாட்டரி உப்பிக்கொண்டது. குழந்தை ஓடினால் கேமரா யோசித்துவிட்டுத்தான் துரத்தியது. அழித்து அழித்துக் கண் எரிந்தது. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் புதுசு வாங்கிவிடலாமா, இதையே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாமா என்று அவள் கோபிநாத்தைக் கேட்டாள்.

கோபிநாத் அவள் படங்களை வைத்து ஆல்பம் போட்டுக் கொடுப்பவன். சொந்தத் தம்பி இல்லை, ஆனால் சொந்தத் தம்பி அவள் வீட்டில் இத்தனை சோறு சாப்பிட்டதில்லை. அவனுக்கு மெமரி கார்டு என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான். போன வருஷம் அவனும் சின்னதாகக் கல்யாண ஆர்டர் பிடிக்க ஆரம்பித்து, புதுக் கேமரா ஒன்று வாங்கியிருந்தான். முதல் பூஜை போட்டு அதை அவள் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனவன்.

வெளியே மழை ஓலைப்பாயைக் கிழித்துப் போட்டது போல் கொட்டிக்கொண்டிருந்தது. வைத்திக்குப்பத்துக் கூடைக்காரி கொடுத்துவிட்டுப் போன சங்கரா மீன் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கோபிநாத் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"வாங்காதக்கா" என்றான், மீனைத் தொடுவதற்கு முன்னாலேயே. "நான் வாங்கிட்டு முழிக்கிறது போதும். அதுல இருக்கற மெனுவப் படிச்சி முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பு வந்துடுது. உன்னுது தங்கம்க்கா. தங்கத்த எவனாவது விப்பானா?"

"தங்கம்தான், பாட்டரி உப்பிகினு இருக்குதே?"

"பாட்டரி நான் வாங்கித் தரேன். உன் கை ராசி அந்தக் கேமராவுல ஊறிக் கெடக்குது. மாத்துன, அவ்ளோதான், ராசி பூடும். மாமா, நீங்க சொல்லுங்க. இந்த வீட்டுல நீங்கதான முடிவு பண்ணணும்?"

புருஷோத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மில்லை மூடியதிலிருந்து அவனை யாரும் எதையும் முடிவு பண்ணச் சொன்னதில்லை. கோபி அடிக்கடி சொல்லுவான். அதற்காகவே அவனுக்குக் கோபியின்மேல் தனிப் பிரியம்.

"பழசே இருக்கட்டும்" என்றான், தீர்ப்பு எழுதுகிற குரலில்.

"பாத்தியா! இன்னொரு துண்டு போடுக்கா. தலைய மாமாவுக்குப் போடு."

தலையைப் புருஷோத்தமனுக்கும் நடுத்துண்டைக் கோபிக்கும் போட்டுவிட்டு, வாலை வைத்துக்கொண்டு தையல்நாயகி சாப்பிட்டாள். தம்பி நம் நல்லதுக்குத்தானே சொல்லுகிறான் என்று மனசு குளிர்ந்துபோயிருந்தது.

மறுவாரம் ஜாக்லின் மதாம் கூப்பிட்டு அனுப்பினாள்.

ஜாக்லின் வீடு கடற்கரைக்கு ரெண்டு தெரு உள்ளே. அவள் புருஷன் முசியே ரொலான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சாய்வு நாற்காலியில்கூட அட்டென்ஷனில் படுத்திருப்பார். அவர்களுடைய மூத்த பெண் கல்யாணத்தைத் தையல்நாயகிதான் எடுத்தாள். இப்போது இளையவள் அமாந்தினுக்கு. பாரீஸிலிருந்து டிசம்பரில் வருகிறாள். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் பதிவு, மாதா கோயிலில் ஆசீர்வாதம், அதற்கு முன்னால் கடற்கரையில் ஜோடிப் படம். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கல்யாணம் பிடித்துப்போனால் அடுத்த பத்து வீடு தானாக வரும். இந்த ஆர்டர் கையை விட்டுப் போனால் பத்து வீடும் சேர்ந்து போகும்.

"பொழூர், பொழூர், உள்ள வா தையல். ஏம்மா, நனைஞ்சிட்டியே! மொதல்ல கத்தோ கேக்கு சாப்புடு. ரம்மு ஊத்துனது, குளுருக்கு நல்லது."

"இருக்கட்டும் மதாம். தேதி சொல்லுங்க."

"சொல்றேன். உன்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்கு? உன் கைமேல எனக்கு நம்பிக்க இருக்குது. ஆனா அந்தக் கேமரா... எங்க முசியேவ விட அதுக்கு வயசு ஆயிடுச்சேம்மா."

நாற்காலியில் ரொலான் தொண்டையைச் செருமினார்.

"நீங்க சும்மா இருங்க. இதப் பாரு தையல், இந்தக் காலத்துக் கேமரா எப்படி எடுக்குதுன்னு பாரு" என்று ஜாக்லின் தன் போனை அவள் கையில் கொடுத்தாள்.

வைத்திக்குப்பத்துக் கரை. கவிழ்த்துப் போட்ட படகு. படகின்மேல் ஒரு கல்யாணப் பெண், சிவப்புப் புடவை காற்றில் பாய்மரமாக விரிந்திருக்கிறது. மாப்பிள்ளை கீழே வலைக்குள் கால் சிக்கிக்கொண்டு சிரிக்கிறான். உச்சி வெயில். வெளிறின நீல வானம். வானத்தின் வலது மூலையில், வட்டமாக, மங்கலாக, சாம்பல் வெளுப்பில்...

"நிலா!" என்றாள் ஜாக்லின். "பட்டப்பகல்ல! மோந்தியே, ஆண்டவரே, நான் பாத்து அப்படியே மயங்கிட்டேன். இது கோபிநாத்னு ஒருத்தர் எடுத்தது. அவரு கேமரா பகல்ல நிலாவையே பிடிச்சிடுமாமே? மத்த கேமராவுக்கெல்லாம் வெயில்ல கண்ணு கூசிடுமாம். இத அமாந்தினுக்கு அனுப்புனேன், அவ ஒரே பிடியா நிக்கிறா. எனக்கு நிலா வேணும், எனக்கு நிலா வேணும்னு. சின்னக் குழந்தைல கூட அவ இப்படி நிலா கேட்டதில்ல."

தையல்நாயகிக்கு அந்த நிலாவைத் தெரியும். அது உதித்த நாள் தெரியும், நேரம் தெரியும், அன்றைக்கு எந்தச் சுண்டல் என்பதுகூடத் தெரியும். அந்தப் பெண்ணையும் தெரியும். அரியாங்குப்பத்துப் பெண், போன மாசியில் இவள்தான் எடுத்தாள். அந்த வலையில் முதலில் கால் சிக்கி விழுந்தவளே இவள்தான். அந்தச் சிராய்ப்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. இவள் எடுத்த படத்தைக் காட்டி, இவளையே, இந்த மாதிரி எடுக்க ஒரு கேமரா வாங்கு என்கிறார்கள்.

கையிலிருந்த கத்தோவைத் தட்டில் வைத்தாள்.

கோபிக்கு இவள் ஆல்பத்துக்குக் கொடுத்த படத்தில் நிலா கிடையாது. பொட்டை அழித்துத்தான் கொடுத்தாள். பொட்டு அழிக்காத படம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அவள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைத்த ஹார்ட் டிஸ்கில். பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் இடுப்பில். இன்னொன்று...

"அவரு இங்க வந்தாரா மதாம்?" என்றாள்.

"போன ஞாயித்துக்கெழம வந்தாரு. எங்க முசியேவ மாடில நிக்க வச்சி சாம்பிள் எடுத்தாரு. அன்னைக்கு நிலா வரல. மேகமா இருக்கு, இன்னொரு நாள் கண்டிப்பா வரும்னாரு. மரியாதையான ஆளு. அவருகூட லைட்டு பிடிக்க ஒருத்தர் வந்தாரு பாரு, அவரு அதவிட மரியாத. நல்ல உசரம். தலை பளபளன்னு. லைட்ட தூக்கிப் பிடிச்சிகினு, பட்டாளத்துல கொடி பிடிக்கற மாதிரி அசையாம நின்னாரு. இல்லீங்க?"

"நல்லா நின்னான்" என்றார் ரொலான். அவர் வாயிலிருந்து வந்த ஒரே சர்டிபிகேட்.

"மில்லுல இருந்தவராம் பாவம். கத்தோ நல்லா இருக்குன்னு மூணு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. வீட்டுல சரியா போட மாட்டாங்க போல."

தையல்நாயகி தட்டைக் கீழே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் என்று சொல்லி, அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன். அன்றைக்கு அவள் ஒரு சடங்கு வீட்டுக்கு ட்ரைபாடும் லைட்டும் ஸ்டூலுமாக நெல்லித்தோப்பிலிருந்து நடந்தே போனாள், மழையில் ஆட்டோ கிடைக்காமல். கேட்டைத் திறந்துவிட்டவன் அவன்தான்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் உனக்காகப் பாக்கறேன் தையல்" என்றாள் ஜாக்லின். "அந்த மாதிரி ஒரு கேமரா வாங்கிட்டேன்னு சொல்லு, கல்யாணம் உனக்குத்தான். இல்லன்னா அவருக்கு. நான் இன்னா பண்றது? பொண்ணு நிலா கேக்குறா."

அது நிலா இல்லை, எங்க வீட்டுக்காரரோட விரல் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவோம் என்று தோன்றியது. பட்டாளத்துக்காரர் வீட்டில் அழுவதற்கு அவளுக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்தவள் ஈரப்புடவையோடு பீரோவைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க் அதே இடத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்தது அவள் பாவாடைத் துணி இல்லை. புருஷோத்தமனுடைய கட்டம் போட்ட துண்டு. ஒரு மாசமாக அவன் அந்தத் துண்டைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான். அவளையும் தேடச் சொல்லியிருந்தான். இப்படி ஒரு திருடன் பாண்டிச்சேரி சரித்திரத்தில் இருந்திருக்க மாட்டான்.

துண்டைக் கொண்டுவந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரசம் ஊற்றினாள்.

"அட, கெடைச்சிடுச்சா!" என்றான் புருஷோத்தமன்.

"கெடைச்சிடுச்சி. சங்கக் கூட்டம் எப்படிப் போச்சின்னு நீ சொல்லவே இல்லியே."

"அது... பேசிகினு இருக்காங்க. மில்லு பாக்கிய குடுத்துடுவாங்க போலதான் தெரியுது."

"கூட்டத்துல கத்தோ குடுத்தாங்களா?"

ரசம் அவன் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"மூணு துண்டாமே" என்றாள். "வீட்டுல சரியா போட மாட்டாங்கன்னு மதாம் ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"தையலு, நான் சொல்றத..."

"எத்தினி நாளா லைட்டு பிடிக்கிற?"

"ஆடி மாசத்துலேர்ந்துதான்."

"எனக்கு ஏன்யா பிடிக்கல?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்குப் பிடிச்சா பொண்டாட்டிக்குப் பிடிக்கிறான்னு சொல்லுவாங்க. அவனுக்குப் பிடிச்சா வேலைக்குப் போறான்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"ஊருல."

"ஊருல யாருன்னு பேரு சொல்லு, நான் போயி கேட்டுகினு வரேன். என் தோளு ரெண்டும் ரெண்டு ஒசரத்துல நிக்குது, கண்ணாடில பாத்தியா? உங்கூட இத்தினி வருஷம் வாழ்ந்ததுல எனக்கு அதுதான் மிச்சம். டிஸ்க ஏன் எடுத்துக் குடுத்த?"

"அவன் கேட்டான். அக்கா படத்த நாலு எடத்துல போட்டா அக்காவுக்குத்தான் ஆர்டர் வரும் மாமான்னான். நம்பிக் குடுத்தேன். அப்புறம் பாத்தா அவன் பேர போட்டுகினு இருக்கான்."

"பாத்தியே, எங்கிட்ட வந்து சொன்னியா?"

"சொன்னா நீ கத்துவ."

"அதுக்குப் பயந்துகினு அவனுக்கு லைட்டும் பிடிச்ச. பழசே இருக்கட்டும்னு தீர்ப்பும் சொன்ன. மீன் தலைய நான்தான உனக்குப் போட்டேன்?"

புருஷோத்தமன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறடி ஆள் அழுதால் அதைத் துடைப்பதற்கு ஒரு முழுத் துண்டு வேண்டும். நல்ல வேளை, துண்டு பக்கத்திலேயே இருந்தது. சோற்றுப் பானையைத் தொட்டான். "இது மேல சத்தியம் தையலு. இனிமே நான் உன் பக்கம்தான். எவன் வந்தாலும் சரி, உன்ன உட்டுக் குடுக்க மாட்டேன்."

அவன் கை பானையிலிருந்து இறங்குவதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது.

கோபிநாத் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். கையில் புதுக் கேமராப் பை, வாங்கி வருஷம் ஆகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மினுமினுத்தது. "இன்னா மாமா, கண்ணு செவந்திருக்கு? ரசத்துல மொளகு ஜாஸ்தியா?" என்று உட்கார்ந்தான். தையல்நாயகி ஒரு தட்டை எடுத்து வைத்தாள். பழக்கம் அப்படி.

"நான் ரெண்டு நாளா தூங்கலக்கா" என்றான். "உன்ன பழசையே வச்சிக்கோன்னு சொல்லிட்டு நான் மட்டும் புதுசு வச்சிருக்கேனே, இது நாயமான்னு. அதான் முடிவு பண்ணிட்டேன். இந்தா, இத நீ வச்சிக்கோ. உன் பழசை எனக்குக் குடுத்துடு. காசு பணம் ஒண்ணும் வேணாம். கைக்குக் கை."

தையல்நாயகி அவன் முகத்தையே பார்த்தாள். புதுக் கேமராவில் நிலா விழவில்லை. விழும் விழும் என்று ஊரெல்லாம் சொல்லி ஆர்டர் வாங்கியாகிவிட்டது. பழசில்தான் ஏதோ வித்தை இருக்கிறது என்று வந்திருக்கிறான். அது என்ன வித்தை என்று அவனுக்குத் தெரியாது.

அவளுக்குள்ளே ஒரு சிரிப்பு, வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுவரை வந்து நின்றது. எடுத்துக்கடா தம்பி என்று கொடுத்துவிட்டால் போதும். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் நிலா விழும். மாதா கோயில் சாமியார் அங்கியில் நிலா விழும். சம்பந்தியம்மா மூக்கின்மேல் நிலா விழும். இவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பான். இவள் கையில் புதுசு, கழுத்தில் சங்கிலி, வெள்ளிக்கிழமை ஜாக்லினுக்குப் பதில். திருடினவனே கொண்டுவந்து கொடுக்கிறான்.

"அவ்ளோ பெரிய மனசா உனக்கு?" என்றாள்.

"உன் சோறு சாப்பிட்ட ஒடம்புக்கா."

அரிசி டின்னைத் திறந்து கேமராவை எடுத்தாள். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அவன் முன்னால் வைத்தாள். கோபிநாத் கையை நீட்டினான். நீட்டினவன் பாதியில் நிறுத்தி, "மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். "இதுல பழுது கிழுது ஒண்ணும் இல்லியே? இந்த வீட்டுல நீங்க சொன்னாத்தான் எனக்கு முடிவு."

தையல்நாயகி புருஷோத்தமனைப் பார்த்தாள். புருஷோத்தமன் தையல்நாயகியைப் பார்த்தான். சோற்றுப் பானையில் இன்னும் ஆவி அடங்கவில்லை. ஒரு தலையாட்டல் போதும். அதுகூட வேண்டாம், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். மில்லில் மேஸ்திரி எத்தனை கேட்டும் கூட்டாளியைக் காட்டிக் கொடுக்காத வாய் என்று தன்னைப் பற்றி ஆயிரம் தடவை சொன்னவன்.

புருஷோத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தான். குரல் தானாகக் கனத்தது.

"நம்பிக் கேக்கறவன்கிட்ட பொய் சொல்லக் கூடாது கோபி. அதுல ஒரு கறை இருக்குது. நான்தான் ஒரு ஆயுத பூஜைல தெரியாம பொட்டு வச்சிட்டேன். எடுக்கற படத்துலல்லாம் வட்டமா விழும். வேணாம், உன்னுது புதுசு, குடுத்துட்டு ஏமாறாத."

வாழ்நாளில் அவன் பேசிய ஒரே சுத்தமான உண்மை அது. அதைப் பேசுவதற்கு அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தான்.

கோபிநாத்தின் கை மெதுவாகப் பின்னால் போனது. முகத்தில் ஒவ்வொரு கல்யாண வீடாக வந்து போவது தெரிந்தது. "வட்டமா..." என்றான். "வலது பக்கம் மேலயா?"

"மேலதான்" என்றாள் தையல்நாயகி. "நீ நிலான்னு வித்தியே, அதுதான். எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல நிக்குதே, உனக்கு ஒரு சந்தேகம் வரல?"

"அது உன் கம்போசிஷன்னு நெனச்சேன்க்கா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்தும் ஈரம் வந்துகொண்டே இருந்தது. ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் பயந்துபோனார்கள்.

"எழுந்திருங்க ரெண்டு பேரும்" என்றாள். "வாசல்ல போயி நில்லுங்க. மழ விட்டுடுச்சி."

"எதுக்குக்கா?"

"பொண்ணு மாப்பிளைய எத்தினியோ எடுத்துட்டேன். இந்த ஜோடிய எடுக்கல."

மழை நின்று வெயில் பளீரென்று அடித்தது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் சாய்ந்து இருவரும் நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தியவர்கள் மாதிரி. தையல்நாயகி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கோபியை இடது பக்கம் தள்ளினாள். புருஷோத்தமனை வலது ஓரத்துக்கு நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம். தலைய நிமித்து. லைட்டு பிடிக்கறப்போ அசையாம நின்னியாமே, அப்படி நில்லு." துவாரத்தைக் கடைசிவரை சுருக்கினாள். அவனுக்கு நெற்றி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது, பிடரிவரை ஒரே மைதானம். குறி தப்ப வழியே இல்லை. அழுத்தினாள்.

கோபிநாத் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினான். வைத்த தட்டில் சோறு அப்படியே இருந்தது. அந்த வீட்டில் அவன் மிச்சம் வைத்த முதல் சோறு அதுதான், கடைசியும்.

மறுநாள் தையல்நாயகி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். கழற்றும்போது ஒருவரையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை புதுக் கேமராவோடு ஜாக்லின் வீட்டுக்குப் போய், நிலாவின் கதையைத் தலையிலிருந்து வால்வரை சொன்னாள். ஜாக்லின் சிரித்த சிரிப்பில் ரொலான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "அழுக்கு நிலா எங்களுக்கு வேணாம்மா, நீ வந்து சுத்தமா எடு" என்றாள் ஜாக்லின். அமாந்தினுக்கு மூன்று நாள் வருத்தம், பிறகு சரியாகிவிட்டது.

ஜோடிப் படம் எடுத்த அன்று வைத்திக்குப்பத்தில் லைட்டைப் பிடித்தவர் முசியே ரொலான். அவராகவே வந்து வாங்கிக்கொண்டார். மீன் ஏலம் விட வந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புருஷோத்தமன் படகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை முன்னால் வந்து ஸ்டூலைத் தூக்கப் போனான். "உடு, பழக்கமாயிடுச்சி" என்று அவளே தூக்கிக்கொண்டாள்.

பழைய கேமராவை அவள் விற்கவில்லை. அரிசி டின்னுக்குள்தான் கிடக்கிறது. அதில் கடைசியாக எடுத்த படத்தைப் பெரிசாகப் போட்டு, சட்டம் அடித்து, முன்னறையில் வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறாள். அதன் கீழேதான் புருஷோத்தமன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், இது இன்னா, அண்ணன் நெத்தில வட்டமா என்று.

ஒருநாள் அவன் மெதுவாகச் சொன்னான். "அத மட்டும் அழிச்சிடேன் தையலு."

"எத?"

"அதான், நெத்தில இருக்கறத. உனக்கு அது ஒரு நிமிஷ வேலைதான?"

அவள் அவன் தட்டில் மீன் குழம்பை ஊற்றினாள். தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"நீ வச்சதுதான? இருக்கட்டும்."